குங்குமம் வைத்த டிஸ்க்

என் வாய்த்துடுக்கு அம்மாவுக்கு,

உன் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. சாப்பாடு எப்படி என்றுதான் முதலில் கேட்பாய். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். அண்ணி வீட்டுப் பக்கம் அப்படித்தானாம். பாயசம் தவறி விழுந்துவிட்டது என்று நினைத்து நான் பேசாமல் சாப்பிட்டேன்.

இப்போது உன் அருமை மகன் அடித்த கூத்தைக் கேள்.

உன் படம் என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் ஒன்றுகூட இல்லை. கச்சால் தீவில் இருந்த வீட்டோடு ஆல்பத்தையும் சுனாமி அலை வாரிக்கொண்டு போனது. ரேஷன் கார்டில் இருப்பது நீயா, பக்கத்து வீட்டுக்காரரா என்று தெரியாது. போர்ட் பிளேருக்கு வந்த பிறகு, "இந்த மூஞ்சியை எவன் பாக்கப் போறான்" என்று கேமரா பக்கமே நீ தலைவைத்துப் படுக்கவில்லை. மிச்சம் இருப்பது இங்கே வந்தபின் நடந்த அண்ணனின் கல்யாண வீடியோ, மூன்று டிஸ்க். உன் முகமும் குரலும் இந்த உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

திதியன்று மண்டபத்தில் பெரிய திரையில் உன்னைக் காட்ட வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. உயிரோடு இருந்தபோது உன்னைப் பார்க்க மாதக்கணக்கில் நேரமில்லாதவன், செத்த பிறகு ஊருக்கே காட்டப் புறப்பட்டான்.

"தங்கச்சி, நீ ஆபீஸ்ல கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற. அம்மா வர்ற இடத்தை மட்டும் எடுத்துக் குடு. அஞ்சு நிமிஷ காம்தான், பஸ், அவ்வளவுதான்" என்று பாதி இந்தியில் சொல்லி ஒரு பென் டிரைவை நீட்டினான். "மூணு டிஸ்க்கையும் உள்ள போட்டுட்டேன். சப் டீக் ஹை."

திறந்து பார்த்தால் மூன்று சின்னப் படங்கள், ஓரத்தில் அம்புக்குறி. டிஸ்க்கைத் திறப்பதற்கான குறுக்குவழியை மட்டும் இழுத்துப் போட்டிருக்கிறான். டிஸ்க் அவன் வீட்டில் சுகமாக இருக்கிறது.

"எங்க வீட்டுல ஓடுச்சே!"

"டிஸ்க் உள்ள இருந்தா ஓடாம என்ன செய்யும்? வீட்டுச் சாவியைப் படம் புடிச்சுட்டு வந்து, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டேன்னு சொல்றியே அண்ணே."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் டிஸ்க்கைக் கொண்டுவந்தான். இவனா கான்டிராக்டர்? இவன் கட்டும் சுவருக்குள் செங்கல் இருக்கிறதா, அம்புக்குறி இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா?

முதல் இரண்டு டிஸ்க்குகளும் சுலபமாகத் திறந்தன. உள்ளே இருந்த பெரிய ஃபைல்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, வெட்டி ஒட்டத் தோதான வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். ஓடவிட்டால், அம்மா, நீ வாயை அசைக்கிறாய், எவளோ பாடுகிறாள்! முகூர்த்தம் தொடங்கிப் பந்தி வரைக்கும் சினிமாப் பாட்டை ஒரேயடியாக அப்பி வைத்திருக்கிறான், இங்கே டாலிகஞ்ச்சில் கடை வைத்திருக்கும் அந்த ஸ்டூடியோக்காரன். தெருவையே வாயடைக்கவைத்த உன்னை ஊமையாக்கிவிட்டான்.

நேரில் போய், பாட்டுப் போடாத பழைய டேப் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுல அப்பவே வேற கல்யாணம் எடுத்தாச்சு மேடம். குரல் எதுக்கு? பாட்டு நல்ல பாட்டாச்சே."

குரல் எதுக்காம். இவன் அம்மாவுக்குப் பதிலாக ஒரு கல்யாணப் பாட்டைப் போட்டுக் கொடுத்தால் அம்மா என்று கூப்பிட்டுக்கொள்வான் போலிருக்கிறது.

மூன்றாவது டிஸ்க்தான் கடைசி நம்பிக்கை. அதைப் போட்டால் கம்ப்யூட்டர் முக்கி முனகி நின்றுவிட்டது. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பளபளக்கும் பக்கத்தில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம். அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அத்தை போட்டோ இல்லையேன்னு அதைத்தான் பூஜை ஷெல்ஃப்ல வெச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பேன்."

"இந்தப் பக்கம் எதுக்கு அண்ணி வெச்சீங்க?"

"அந்தப் பக்கம் பேனாவுல கிறுக்கியிருக்கே. இந்தப் பக்கம் கண்ணாடியாட்டம் இருந்துச்சு, மூஞ்சி தெரிஞ்சுது."

"தெரிஞ்சது உங்க மூஞ்சி அண்ணி."

பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா போன பிறகு நீ நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாலே முகம் சுளித்த கூட்டம் அம்மா அது. டிஸ்க்குக்கு மட்டும் தாராளமாக அப்பியிருக்கிறார்கள்.

சோப்புத் தண்ணீரில் கழுவி, உன் பழைய சேலைக் கிழிசலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தேன். சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் விழுந்து இருப்பதும் போய்விடும். இது போனால் உன் குரல் போயிற்று. திரும்பப் போட்டேன். முனகியது, நின்றது, பிறகு ஓடியது.

கடைசிப் பகுதிக்குப் பாட்டுப் போட ஸ்டூடியோக்காரனுக்குச் சோம்பல். அவன் சோம்பலுக்கு ஒரு கும்பிடு.

குடும்பமாக நின்று படம் எடுக்கும் இடம் அது. அன்று நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஏதோ சிரிப்புச் சத்தம் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. மாப்பிள்ளையின் தாயாக நீ நடுவில் நிற்கிறாய். அண்ணியின் அப்பா வருகிறார். மெயின்லேண்டிலிருந்து வந்த பெரிய அதிகாரி, மடிப்புக் கலையாத சட்டை.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. மங்களகரமான படம் பாருங்க."

அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறான், மாலையில் பூ எண்ணிக்கொண்டு. நீ ஓரத்துக்குப் போகிறாய். போய் நின்று, கேமராவை நேராகப் பார்த்துச் சொல்கிறாய்:

"இந்தா வந்துட்டாரு சின்னத்தொரை! பெரட்டுக்கு ஆள் நிறுத்துறாரு. எம் பேரையும் எழுதிக்கங்க தொரை. அரைப்பேரு போட்டுறாதீங்க!"

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிக்கொள்கிறேன், நீ பொறுத்துக்கொள். நீ பிறந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுப்பது பெரட்டு. சின்னத்துரை, தோட்ட முதலாளி வைத்த அதிகாரி. வேலை போதவில்லை என்று அவர்கள் நினைத்தால் அன்றைக்கு அரைப்பேர், பாதி நாள் கணக்கு. அதாவது, பாதி ஆள்.

பின்னால், உன்னைப் போலவே தோட்டத்திலிருந்து கச்சாலுக்கு வந்த சனமெல்லாம் சிரிக்கிறது. சம்பந்தியும் சேர்ந்து சிரிக்கிறார்! துரை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டார் மனுஷன்.

நானும் சிரித்தேன் அம்மா. சிரித்துக்கொண்டே அழுதேன். எத்தனை தடவை திரும்பப் போட்டேனோ தெரியாது.

அண்ணன் வந்து வீடியோவைப் போட்டுக் கேட்டான். முகம் செத்துப்போயிற்று. "இதைக் கட் பண்ணிடு. மாமா முன் வரிசையில உக்காந்திருப்பாரு. அவருக்கு யாராச்சும் அர்த்தம் சொல்லிட்டா?"

"அம்மா பேசுற ஒரே இடம் இதுதான் அண்ணே."

"அரே, பேச்சு எதுக்கு? முகம் இருந்தா போதாதா? தோட்டம், பெரட்டுன்னு அசிங்கமா."

எது அசிங்கம்? அந்தப் பெரட்டில் நின்றவள் கழுவிவிட்ட உடம்பு அவனுடையது. நான் வெட்ட மாட்டேன் என்றேன். ஃபைலை வாங்கிக்கொண்டு அதே ஸ்டூடியோக்காரனிடம் போனான். நீ கேமராவை நேராகப் பார்ப்பது அந்த ஒரு இடத்தில்தான், அதனால் படத்தை வெட்ட முடியவில்லை. சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வைத்தார்கள். மேகத்துக்குள் நீ, தாமரைக்குள் நீ. தாமரையின்மேல் நீ உட்கார்ந்திருந்தால் குளமே வற்றும்படி கத்தியிருப்பாய்.

மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். புல்லாங்குழல் அழுதது. திரையில் நீ ஓரத்துக்குப் போனாய், நேராகப் பார்த்தாய், வாயைத் திறந்தாய்.

நான் எழுந்து நின்றேன். உன் வாய் அசைய அசைய, ஒரு சொல் விடாமல், உன் ராகத்திலேயே சொன்னேன். "அரைப்பேரு போட்டுறாதீங்க!"

கச்சால் சனம் கொல்லென்று சிரித்தது. ஒருவர் கை தட்டினார். முன் வரிசையில் சம்பந்தி இப்போதும் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னாங்க, ரொம்ப மரியாதையான பொம்பளை. அரைப்பேருன்னா என்னம்மா?"

சொன்னேன். வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. அண்ணன் தரையைப் பார்த்தான். அன்றும் அவன் அப்படித்தான் நின்றான்.

முழு வீடியோவும் சத்தத்தோடு என்னிடம் இருக்கிறது. கேட்ட கச்சால் சனத்துக்கெல்லாம் பென் டிரைவில் கொடுத்துவிட்டேன், அம்புக்குறி இல்லாமல். அடுத்த திதி சிப்பிகாட் பக்கம் என் வீட்டில்தான். புல்லாங்குழல் கிடையாது, சாம்பாரில் வெல்லம் கிடையாது, யாரும் யாரையும் ஓரமாக நிற்கச் சொல்ல மாட்டார்கள். இது சத்தியம்.

கடைசியாகச் சேமிக்கும்போது, ஃபைலுக்கு என்ன பேர் என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'முழுப்பேர்' என்று அடித்தேன் அம்மா.

உன் வாயை மட்டும் சீதனமாக வாங்கிக்கொண்ட,
உன் மகள் செல்வி