கோரைக்கு மேல சிமெண்ட் கிடையாது

என்னங்க,

கொத்தனார் வந்தா டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிடுங்க. தோட்டத்துக் கோரையைப் பிடுங்கிட்டு சிமெண்ட் போடச் சொன்னீங்களாமே! அவர் போன்ல கேட்டப்பதான் எனக்கே தெரியுது. "வெறும் புல்லுதான்"னு வேற சொன்னீங்களாம். துணி துவைக்கிற தண்ணி தேங்கி நாறின இடம் அது. நான் சேத்துல இறங்கி நட்ட கோரைதான் அந்த நாத்தத்தைப் போக்குச்சு. இப்ப ஜன்னலைத் திறந்து வச்சு நிம்மதியாச் சாப்பிடுறது யாரு?

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். இன்னைக்குத் துவைக்கல, அதனால கோரைக்கு ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்க. அடி காயக்கூடாது.

எழுதும்போதுதான் ஞாபகம் வருது. போன வாரம் கோரை ஓரத்துல வழுக்கி விழுந்துட்டு, வாயே திறக்காம சேறான வேட்டியை நீங்களே அலசினீங்களே, அதுக்கா இந்த சிமெண்ட்? சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?

சரி, கொத்தனாரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கோரை ஓரமா, நீங்க கால் வைக்க நாலு கல்லு பதிக்கச் சொல்லுங்க.