அறுக்காத சேலை

11 மார்ச் 2003
சென்னை ஆபீசிலிருந்து பதினாறு பக்கம் வந்திருக்கிறது. பிரான்சில் ஏதோ ஒரு துணி மில்லின் வருடக் கணக்கு. இங்கிலீஷில் மாற்றித் தரவேண்டும். கல்லூரியில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு, இப்போது பக்கத்துக்கு அறுபது ரூபாய் தருகிறது. ‘அமொர்த்தீஸ்மான்’ என்று வாய்விட்டுப் படித்தேன். அப்படியென்றால் என்ன என்று இவர் தறியிலிருந்தே கேட்டார். தேய்மானம் என்றேன். “அப்போ எம் முட்டிக்கும் கொஞ்சம் எழுதிக்கோ.” கல்யாணமாகி ஒன்பது வருடம், இந்தக் கேலி மட்டும் குறையவில்லை.

14 மார்ச்
தறியிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

1 ஏப்ரல்
காரியம் முடிந்தது. மகளைப் பள்ளிக்கு அனுப்பினேன். தறியில் சேலை அப்படியே நிற்கிறது. ஆறு கெஜத்தில் மூன்று முடித்திருந்தார். அந்தப் பக்கம் போக முடியவில்லை.

4 ஏப்ரல்
முதலாளி கந்தசாமி வந்தார். பட்டும் ஜரிகையும் அவருடையது, நெசவு நம்முடையது. முழுச் சேலையைத் தறியிலிருந்து அறுத்தால்தான் கூலி. இந்தத் தெருவில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். “மீதிய உங்க தெரு பச்சையப்பன் வந்து நெய்வாரும்மா. அறுக்கிறவருக்குத்தான் கூலி,” என்றார். மாமியார் தலையாட்டினார். நானும்தான் ஆட்டினேன், வெட்கக்கேடு. அவர் போனபிறகு கோபம் வந்தது. அப்படியானால் இவர் தறிக்குழியில் உட்கார்ந்த அத்தனை நாள்? அது எங்கே போயிற்று? ஒன்றுமே செய்யாத மனுஷன் மாதிரி —

7 ஏப்ரல்
ஆபீசில் அவசரப்படுத்துகிறார்கள். மில் கணக்கைத் திறந்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ‘ஆன்கூர்’. ஒர்க் இன் ப்ரோக்ரஸ் என்று எழுதினேன். கீழே குறிப்பு: வருடக் கடைசியில் மெஷினில் பாதியில் நிற்கும் துணிக்கு, நூல் விலையோடு அதுவரை ஆன கூலியையும் சேர்த்து மதிப்புப் போடவேண்டும். இந்தச் சொல்லைப் பத்துத் தடவையாவது மாற்றியிருப்பேன். எதைச் சொல்கிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

8 ஏப்ரல்
“முப்பது நாள் கூட ஆவல, எங்க கெளம்பிட்ட?” என்று மாமியார் அழுதார். முதலாளி கடைக்குப் போனேன்.

“அவரு நெய்ஞ்ச வரைக்கும் கூலி குடுங்க,” என்றேன்.

“பாதி சேலைக்கு ஏதும்மா வெலை?” என்றார் முதலாளி.

“வெலை இல்லன்னா அறுத்து எங்கிட்ட குடுத்துடுங்க.”

“என் பட்டும்மா அது!”

“உங்க பட்டுக்கு வெலை இருக்குது. அவரு கைக்கு மட்டும் இல்லிங்களா?”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி நோட்டை மூடிவிட்டார்.

9 ஏப்ரல்
பதில் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாமோ?

12 ஏப்ரல்
பச்சையப்பன் மாமா வந்தார். தறியில் இறங்குமுன், “நான் மூணு கெஜத்துக்குத்தாம்மா கூலி வாங்குவேன். முதலாளிகிட்ட சொல்லிட்டுதான் வந்திருக்கேன்,” என்றார். காபி போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

21 ஏப்ரல்
சேலையை அறுத்தார்கள். முதலாளி என் முகத்தைப் பார்க்காமலே நோட்டில் இவர் பேருக்குத் தனி வரி எழுதினார்: ஹேமநாத், மூன்று கெஜம். கூலியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பச்சையப்பன் மாமா சேலையை விரித்தார். கை மாறிய இடம் தெரியும் என்று நினைத்திருந்தேன். விரலால் தடவிக்கொண்டே போனேன். திரும்பி வந்தேன். கிடைக்கவில்லை.

“அவரு எங்க விட்டாரு மாமா?”

“அது தெரியக்கூடாதுன்னுதாம்மா பாத்துப் பாத்து நெய்ஞ்சேன்,” என்றார், பாவம்.

முதலாளி மடித்து எடுத்துப் போனார். எந்தக் கடைக்கு என்று நான் கேட்கவில்லை.