எட்டுப் பேரின் கையெழுத்து

வெள்ளவத்தை
03.05.2025

அன்பு மச்சான் நபீஸ்,

பூட்ஸ் பைக்குள் கடுதாசி கிடக்கிறதே என்று திகைக்காதே. நான்தான், உன் கப்டன் ஜனா. நம்முடைய டீம் வட்ஸ்அப் குரூப்பில் நான் போட்டதெல்லாம் கழகத் தலைவரின் மேசையில் பிரிண்ட் எடுத்துக் கிடந்ததைக் கண்ணால் கண்டேன். மைதானத்தில் நாம் இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே மனேஜர் பக்கத்தில் வந்து குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுகிறான். உன் வீட்டுக்கு வரலாம்தான். நேரில் என்றால் நீ என்னைக் கதைத்தே மடக்கிப்போடுவாய். அதுதான் எழுத்து.

விசயம் இதுதான். நம்முடைய மூன்று வருச ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருசம் கிடக்குது. கோல் அடிக்கப் போய் உமாசுதனுக்குக் கணுக்கால் உடைந்த அன்று கழகம் கொடுத்தது ஒரு பை ஐஸ். அடுத்த மாதம் அவனுடைய சம்பளமும் நின்றுபோச்சு. விளையாடும்போது காயப்பட்டால் வைத்தியச் செலவும் சம்பளமும் தரவேணும் என்று ஒப்பந்தத்தை மாற்றி எழுதக் கேட்கப் போகிறோம். 24ஆம் திகதி, அரையிறுதிக்கு முன்னம். கப் வேணுமென்றால் காலையும் பார்க்கவேணும்தானே?

நீ இல்லாமல் எனக்குத் துணிவில்லையடா. மிதுனாவுக்கு ஆவணியில் பிள்ளை பிறக்கப்போகுது. என்னை விலக்கினால் இரண்டு வருசத்துக்கு வேறு கழகத்தில் விளையாட ஏலாது. அதற்குள் எனக்கு முப்பத்துமூன்று ஆகிவிடும். வாசித்ததும் கிழித்துப்போடு.

உன்
ஜனா


மாளிகாவத்தை
06.05.2025

அன்புள்ள ஜனா,

அல்லாஹ்வின் உதவியால் இங்கே எல்லாரும் சுகம். வீட்டுக்காரி நிப்லா மிதுனாவை விசாரித்தாள். வட்டிலப்பம் செய்து அனுப்பவா என்று கேட்கிறாள்.

உமாசுதனை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் மச்சான், கையெழுத்து வைத்தது நாம்தானே? யாரும் கையைப் பிடித்து வைக்கவில்லை. கடையில் விலை பேசிச் சாமானைக் கொடுத்த பிறகு, விலை ஏறிவிட்டதென்று வாங்கினவனின் கதவைப் போய்த் தட்டினால் வாப்பா என்னை வீட்டுக்குள் எடுத்திருக்க மாட்டார். ஒப்பந்தம் முடியட்டும், பிறகு கேட்போம். அதுவரைக்கும் சொன்ன சொல்தான்.

இன்னொன்று. நீ ஒப்பந்தத்தை வாசிக்கவேயில்லை என்று எனக்குத் தெரியும். உனக்குப் போட்டோவுக்கு நிற்கிற அவசரம். பத்தொன்பதாம் பந்தியைப் பார். வீரர்கள் கூடி ஒப்பந்தத்தை மாற்றக் கேட்கப்போவது தெரிந்தால், தெரிந்தவன் ஏழு நாளைக்குள் யார் யார் என்று நிருவாகத்துக்குச் சொல்லவேண்டும். அதற்குக் கீழேயும் என் கையெழுத்து இருக்கிறது. உன் கடிதத்தை ஒரு கூட்டாளியின் புறுபுறுப்பு என்று எடுத்துக்கொண்டு கிழித்துவிட்டேன். அதற்குமேல் வேண்டாம். பெயர்களை எனக்கு எழுதாதே. கெஞ்சிக் கேட்கிறேன், எழுதாதே.

உன்
நபீஸ்


வெள்ளவத்தை
11.05.2025

சட்டம் பேசும் அப்புக்காத்து நபீஸ் அவர்களே,

பத்தொன்பதாம் பந்தியாம்! நான் சிரித்த சிரிப்பில் மிதுனா குசினியிலிருந்து ஓடிவந்தாள். போன வருசம் ஸ்பொன்சர் விலகினபோது, “கொஞ்சம் பொறுங்கோ தம்பிமார்” என்று நாலு மாதம் பாதிச் சம்பளம் தந்தாங்களே, அது எந்தப் பந்தி? அவங்கள் மாற்றினால் நிலைமை, நாங்கள் மாற்றினால் துரோகமோ?

ஒன்று மட்டும் மனதுக்குச் சரியில்லை. முந்தநாள் மனேஜர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, மிதுனாவைக் காட்டுகிற டொக்டரின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் அவனாகவே சொன்னான். “நல்ல இடம், கவனமாப் பாருங்கோ” என்றான். நேற்றுப் பின்னேரம் ரயில் பாதையோரம் நடக்கப் போனோம். பின்னால் ஓராள் வந்தான். நாங்கள் நின்றால் நின்றான். மிதுனாவுக்குச் சொல்லவில்லை.

அவங்களுக்கு ஏதோ மணந்துவிட்டது, அதனால் இனிப் பின்வாங்க ஏலாது. கையெழுத்துக் கடுதாசியை இதோடு வைக்கிறேன். எட்டுப் பேர் வைத்தாச்சு. ஒன்பதாவதாக உனக்கு இடம் விட்டிருக்கு. எழுதாதே என்றாய், நான் எழுதவில்லை, அவரவர் தாங்களே எழுதியிருக்கிறார்கள், போதுமா? நீ வைக்காவிட்டாலும் பரவாயில்லை. நீ என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாய். அது எனக்குத் தெரியும்.

உன்
ஜனா


மாளிகாவத்தை
19.05.2025

ஜனா,

கடுதாசியைத் திருப்பி வைத்திருக்கிறேன். நான் கையெழுத்து வைக்கவில்லை.

கெஞ்சினேனே, ஏன்டா கேட்கவில்லை? ஏழு நாளும் எண்ணிக்கொண்டே இருந்தேன். வேறு யாராவது முந்திப் போய்ச் சொல்லிவிட மாட்டானா என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன். யாரும் சொல்லவில்லை. நேற்றுத் தலைவரின் கந்தோருக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். எட்டுப் பெயரையும் சொன்னேன், உன்னுடையதைக் கடைசியாக. அவர் ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. “சரி மகன், போயிட்டு வாங்க” என்றார், அவ்வளவுதான். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நிப்லா என்னோடு கதைப்பதில்லை. நான் பயத்தில் சொல்லவில்லை, ஆசையிலும் சொல்லவில்லை. வைத்த கையெழுத்துக்காகச் சொன்னேன். மிதுனாவைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச நாளைக்கு யாழ்ப்பாணம் போய் இரு. தயவுசெய்து போ.

நபீஸ்


வெள்ளவத்தை
02.06.2025

நபீஸ்,

இதைத் தபாலில் போடுகிறேன். உடைமாற்றும் அறைக்குள் போக எனக்கு இனி அனுமதி இல்லை.

24ஆம் திகதிக்கு முன்னமே எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மற்ற ஏழு பேரும், “ஜனாதான் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினவர்” என்று இன்னொரு கடுதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார்கள். அவர்களில் எனக்குக் குறையில்லை, எல்லாருக்கும் வீடு வாசல் இருக்கு. என்னை விலக்கியாச்சு.

உன்மேல் ஆத்திரம் இருந்தது. ஆனால் பத்து நாளாக யோசித்து ஆத்திரம் ஆறிக்கொண்டு வந்தது. சொன்ன சொல்லுக்காகச் செய்தான், பொய்யன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று உமாசுதன் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். உன்னுடைய ஒப்பந்தத்தை, இன்னும் ஒரு வருசம் கிடக்கும்போதே, தலைவர் உன் முன்னாலேயே கிழித்துப்போட்டுப் புதிது தந்தாராம். கப்டன் பதவி. கூடின சம்பளம். காயப்பட்டால் முழு வைத்தியச் செலவு. நாங்கள் கேட்டது அப்படியே. நீ கையெழுத்து வைத்தாயாம்.

உமாசுதன் சொன்னதை மிதுனாவுக்குச் சொல்லவில்லை. “நபீஸ் அண்ணா மனச்சாட்சிக்குப் பயந்தவர், நீங்கள்தான் அவரை விளங்கிக்கொள்ளேல்லை” என்று உனக்காக என்னோடு இன்னும் சண்டை பிடிக்கிறாள். பிள்ளை பிறக்கும் மட்டும் அப்படியே இருக்கட்டும். பிறந்ததென்று கேள்விப்பட்டாலும் பார்க்க வராதே.

ஜனா