கயலின் கைக்கு இன்னும் நாற்பது பாகை

என் ஆசை மாமாவுக்கு,

என் தொணதொணப்பு இல்லாமல் நிம்மதியாகத்தான் இருப்பீர்கள். இருக்க விடமாட்டேன். நம் கயலின் கை இன்னும் நேராகவில்லை, மாமா.

அரூர் ரோட்டில் லாரி மோதி நீங்கள் போன அன்று உடைந்த அதே முழங்கைதான். கட்டுப் பிரித்த பிறகு மடக்க வருகிறது, நீட்டத்தான் வரவில்லை. பயிற்சியில் சரியாகாவிட்டால் மறுபடியும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் தடவையே அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

போன வாரம் தருமபுரி ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா கையை அளந்துவிட்டு, "போன மாசம் அறுபதுங்க, இப்ப நாப்பது" என்றார். பரீட்சை மார்க் குறைந்த மாதிரி நினைத்து, பஸ்ஸிலேயே அவளைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கையைப் பிடித்து அழுத்தினேன். வலியில் கத்தினாள்.

அன்று சாயங்காலம் அவளுக்குக் கணக்கு வீட்டுப்பாடம், கோணங்கள். பத்தாவது படித்த தைரியத்தில் நானே சொல்லிக்கொடுத்தேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து குறுங்கோணம் என்றேன். இன்னும் தள்ளிச் செங்கோணம், அதையும் தாண்டித் தள்ளி விரிகோணம். "என் கையி என்ன கோணம்மா?" என்று கேட்டாள். முழங்கையில் கோணமானியை வைத்துப் பார்த்தால் நூற்று நாற்பது காட்டுகிறது. "நாப்பதுன்னு தான சொன்னாங்க?" என்று விழித்தேன்.

"அவங்க நேர் கையிலிருந்து எண்ணுறாங்கம்மா. நூத்தியெம்பதுக்கு இன்னும் நாப்பது பாக்கி. கொறைஞ்சா நல்லதுதான்."

மூளை உங்களுடையது. என்னுடையதாக இருந்தால் நானே அல்லவா இதை யோசித்திருப்பேன்?

"அப்ப பாக்கியையும் முடிச்சிரலாம்டி" என்றேன் சந்தோஷத்தில். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. இப்படியே இருக்கட்டும்."

"ஏன் பாப்பா, வலிக்குதா?"

"அன்னைக்கு வண்டியில இந்தக் கையிலதான் அப்பா இடுப்பப் புடிச்சிருந்தேன். நேராயிட்டா கையிக்கு அது மறந்துரும்."

நீங்களாக இருந்தால் ஏதாவது கிண்டல் பண்ணிச் சிரிக்க வைத்திருப்பீர்கள். எனக்கு அழத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் பயிற்சிக்குக் கையைத் தருவதே இல்லை. அடுத்த மாதம் டாக்டர் பார்க்கும்போது நாற்பது அப்படியே நின்றால் என்ன செய்வேன்?

உங்கள் தங்கச்சியின் ஸ்கூட்டியை வாங்கி ஓட்டப் பழகுகிறேன். லாரியைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நின்றுவிடுகிறேன். இருந்தாலும் பழகிவிடுவேன். கயலைப் பின்னால் உட்கார வைத்து நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். வழி முழுக்க அந்தக் கை என் இடுப்பில் மடங்கியிருக்கட்டும், அங்கே இறங்கி நீட்டட்டும். திரும்பி வரும்போது மறுபடியும் பிடித்துக்கொள்ளலாம் என்று அவளுக்குச் சொல்லப்போகிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஊர் பார்க்குமே என்று ஒருநாளும் உங்கள் இடுப்பைப் பிடிக்காமலே பின்னால் உட்கார்ந்து வந்த,
உங்கள் அக்கா மகள்,
கயலின் அம்மா.