வாலு எந்த ஊர்க்காரி?

ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது என்று கடிதத்துக்கு மாறினோமே, நல்ல யோசனை. இதில் நீ குறுக்கே பேச முடியாது.

என் மகள் வாலுவைப் பல் செட்டு செய்யும் தொழில் பழக உன் வீட்டுக்கு அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். எனக்கு லாண்டரிக்காரி புத்தி, முதலில் சட்டையைத்தான் பார்த்தேன். காலரை வெளிப்பக்கமிருந்து தேய்த்திருக்கிறது. நான் உள்பக்கத்தைத்தான் முதலில் தேய்ப்பேன். வாலு இஸ்திரிப் பெட்டியைத் தொடுகிற பிறவி இல்லை. ஆக, தேய்த்துக் கொடுப்பது நீதான். நன்றி. எழுதும்போதே கை எரிகிறது, ஆனாலும் நன்றி.

உங்கள் தலைநகரத்துப் புகையில் அவளுக்கு இருமல் வரும். இங்கே துறைமுகத்துக் காற்றில் வளர்ந்த உடம்பு. பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இருமலும் இல்லை, தும்மலும் இல்லை. ஒரு சுற்று பெருத்திருக்கிறாள். காலரை வெளிப்பக்கம் தேய்த்தால் கழுத்து அறுந்துவிடாது.

உங்கள் ஊரைக் குறை சொல்வதாக நினைக்காதே. ஆனால் அங்கே குழாயில் தண்ணீர் வந்தால் தெருவே விழித்துக்கொள்ளும். இங்கே அவள் ஷவரில் நின்று முழுப் பாட்டும் பாடி முடிக்கிறாள். பஸ்ஸும் அப்படித்தான். நான் டிப்போவில் டைம் கீப்பர், எனக்குத் தெரியாதா? அங்கே பஸ் வந்தபோதுதான் நேரம்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனோம். டிப்போவில் என்னோடு வேலை செய்கிற அம்மாள் எதிரே வந்தாள். "உங்க பொண்ணா? அப்படியே உங்க ஜாடை" என்றாள். நான் மறுக்கவில்லை. வாலுவும் சிரித்துக்கொண்டு சும்மா நின்றாள். வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை

மார்ச் 30

தங்கச்சி,

கோபம் ஆறட்டும் என்று இத்தனை நாள் எழுதவில்லை. ஆறவில்லை.

நீ மறுக்கவில்லை, சரி. அவள் ஏன் மறுக்கவில்லை? பெற்றவள் நான் ஒருத்தி இங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேனே.

போன வாரம் லீவுக்கு வருகிறாள் என்று அவள் அறைக்கு வெள்ளையடித்தேன். மாடியில் புதுத் தொட்டி வைத்து ஷவரும் மாட்டினேன். வந்தாள், குளித்தாள். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா சித்தி வீட்டுல இன்னும் வேகமா வரும்" என்றாள். பஸ்ஸுக்கு நின்றால் சித்தி ஊர் பஸ். தலை வாரினால் சித்தி வாருகிற விதம். அவள் சித்தி புராணம் படித்துக்கொண்டிருந்தபோது என் கையில் பெட்டி அப்படியே நின்றுவிட்டது. ஒரு வாடிக்கையாளரின் கால்சட்டை கருகிப்போயிற்று. கடை திறந்த நாளிலிருந்து எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

பயிற்சி முடிந்ததும், அவள் தொழில் பழகுகிற பல் செட்டுப் பட்டறையிலேயே நிரந்தரமாக வேலை தரப்போகிறார்களாம். என்னிடம் அவள் சொல்லவில்லை, அவளுடைய சிநேகிதி வாய் தவறிச் சொன்னாள். அவளைத் திருப்பி அனுப்பிவிடு. கேட்டுக்கொள்கிறேன், கெஞ்சவில்லை. சரி, கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்? என்னைப் பார்த்து நீ வயிறெரிவாய் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இங்கே அவள் என்ன பேசுகிறாள் தெரியுமா? ஜன்னலைத் திறந்தால், உங்கள் ஊர்க் காற்றுபோல வராது. சட்டையைத் தேய்த்துக் கொடுத்தால், "அம்மா தேய்ச்சா ரெண்டு நாளைக்கு மடிப்பு கலையாது சித்தி." பஸ் சரியான நேரத்துக்கு வந்தால்கூட, உங்கள் ஊர் டிரைவர் ஓடி வருகிறவர்களுக்காக நிறுத்துவாராம். டைம் கீப்பரிடமே சொல்கிறாள்! என் வீட்டுக்காரர் அவளை உன்னுடைய கொள்கை பரப்புச் செயலாளர் என்கிறார். அவருக்குச் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலை விஷயம் உண்மைதான். இருக்கட்டுமா, போகட்டுமா என்று என்னிடம்தான் கேட்டாள். "இரு" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "உங்கம்மாகிட்ட போ" என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்க்காதவள்போலப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இதைத் தியாகம் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. ஐந்து மாதம் அம்மாவாக இருந்து பார்த்தேன், இரண்டாவது இடம்தான் கிடைத்தது. அவள் இங்கே இருக்கும்வரை நீதான் உசத்தி. அங்கே வந்துவிட்டால் நான். எனக்கென்று பிள்ளை இல்லை, அந்தப் புகழாவது எனக்கு இருக்கட்டும்.

உன் தங்கை

மே 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

வாலு வந்து சேர்ந்து மூன்று வாரமாகிறது. கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பல் டாக்டரிடம் வேலை கிடைத்துவிட்டது. நீ கணக்குப் போட்டதுதான் நடக்கிறது. எழுந்தால் சித்தி, உட்கார்ந்தால் சித்தி. என் வாடிக்கையாளர்களுக்கே உங்கள் ஊர் பஸ் நேரமெல்லாம் மனப்பாடம்.

நேற்று பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அவ்வளவு பிடிச்சிருந்தா அங்கேயே இருந்திருக்கலாமே, ஏன்டி வந்தே?"

"சித்தி போகச் சொன்னாங்க. இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன்" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. நான் வெள்ளையடித்ததற்கு அவள் வரவில்லை, கெஞ்சியதற்கும் வரவில்லை. நீ சொன்னாய் என்று வந்திருக்கிறாள். எப்படியோ, கண் முன்னால் இருக்கிறாளே, அது போதும் என்று சொல்லிப் பார்த்தேன். போதவில்லை.

அடுத்த மாதம் உனக்கு லீவு வரும். வந்து ஒரு வாரம் இரு. நாம் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது அவள் யார் புகழைப் பாடுகிறாள் என்று நேரிலேயே பார்த்துவிடலாம்.

உன் அக்கா