கரையில் கொடி பிடிக்கிறவருக்கு

நரிமணல்முனை
28.6.2025

அன்புள்ள அழகுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால், "ஏன், போன்ல கேக்க வாய் வலிக்கா?" என்பாய். இந்தக் கடற்கரையில் டவர் கிடையாது. திசையன்விளைக்குப் போய்ப் பேசினாலும் இரண்டாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. படகுக்கார மரியஜோசப் டவுனுக்கு மீன் கொண்டுபோகும்போது இதைத் தபாலில் போடுவார்.

அலை மேல் ஓட்டுகிற கைட் போட்டி ஜூலை இருபதாம் தேதி. போட்டி நடத்துகிற சார் தன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார், மிச்சமெல்லாம் என் தலையில். நடுவர்கள் உட்காரப் பனங்கட்டையில் மேடை போட்டோம், அதன் மேல் கட்டிய தார்ப்பாயைக் காற்று இரண்டு தடவை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சோற்றில் மணல், காதில் மணல். ஒரு நிமிஷம் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

நம் ஏரியில் கைட் இழுக்கிற இழுப்புக்குப் பலகையில் நேராக ஓடினால் போதும். இங்கே அலை மேல் ஏறி, அது உடைகிற நேரத்தில் அதன் சரிவில் வளைந்து வளைந்து வரவேண்டும். அதற்குத்தான் மார்க். ஆண்கள் பிரிவுக்கு ஆள் நிறைய. பெண்கள் பிரிவில் கொச்சியிலிருந்து லிஜி, கோவாவிலிருந்து இருவர், மொத்தம் மூன்று பேர். நாலு பேராவது இருந்தால்தான் அந்தப் பிரிவு நடக்கும்.

நீ வந்து பேர் கொடு. கரையோரமாக ரெண்டு தடவை போய் வந்தால் போதும். மார்க் வாங்க வேண்டியதில்லை, எண்ணிக்கைக்குத்தான்.

உன்
சுடலைமணி


மறையூர்
5.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அழகுத்தாய் எழுதுவது. நானும் நலம்தான், கேட்காவிட்டாலும். இங்கே மழை இல்லை, காற்றுதான் தகரத்தைத் தட்டிக்கொண்டே கிடக்கிறது. வெல்ல ஆலைப் புகை வீட்டுக்குள் வந்து துணியெல்லாம் கரும்பு வாசம். உங்கள் அம்மா தோட்டத்து லயத்திலிருந்து வந்து ஒரு வாரம் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் போய், "எம்மவன் பொண்டாட்டிய உட்டுட்டுக் கடல்ல பட்டம் உடப் போயிட்டாம்லா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே வந்து அழுதேன். போய் இரண்டு மாதமாகிறது மச்சான்.

எண்ணிக்கைக்குத்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, எழுதும்போது கை கூசவில்லையா? உங்கள் அண்ணன் பாண்டிக்குப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மூன்று பேராகப் போகக்கூடாது என்று உங்களை நாலாவது ஆளாக இழுத்து வந்தார்கள். வந்தவர் பஜ்ஜி தின்றுவிட்டுப் பேசாமல் போனீர்களா? அக்காவைப் பார்க்க வந்த இடத்தில் என்னைப் பார்த்தீர்கள். எண்ணிக்கைக்கு வந்த ஆள் என்னவெல்லாம் செய்வார் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஒன்று சொல்கிறேன், கேலி இல்லை. இத்தனை வருஷமாக ஏரிக்குக் கைட் ஓட்ட வருகிறவர்களுக்கெல்லாம் நான் கைட்டைத் தூக்கிப் பிடித்துக் கொடுக்கிறேன். அவர்கள் போவார்கள், நான் கரையில் நிற்பேன். அவர்கள் குளித்து முடித்து, காற்றும் செத்துப்போன பிறகுதான் என் முறை. நல்ல காற்றில், நாலு பேர் பார்க்க, போட்டி என்று ஒன்றில் நான் ஒரு தடவை முழுசாக ஓட்ட வேண்டும். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறேன். நேற்று பால் பொங்கி அடுப்பெல்லாம் நாறியது.

ஏரி மேனேஜர் சேட்டனிடம் லீவு சொல்லிவிட்டேன். வருகிறேன். எண்ணிக்கைக்கு இல்லை.

உங்கள்
அழகுத்தாய்


நரிமணல்முனை
11.7.2025

அன்புள்ள அழகுக்கு,

வருகிறாய் என்று படித்ததும் மேடையிலிருந்து குதித்து இறங்கினேன். மரியஜோசப் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ வந்தால் பழைய பள்ளிக்கூடத்தில் லிஜியோடு தங்க இடம் வைத்திருக்கிறேன். டீத்தூள் கொண்டு வா, இங்கே கிடைக்கிறது வெறும் சாயம்.

கோபப்படாமல் படி. இங்கே அலை இரண்டு வரிசையாக உடைகிறது. உள் அலை சின்னது. வெளி அலைதான் பெரிது, மார்க்கும் அதில்தான். ஆனால் அங்கிருந்து காற்று தள்ளிக்கொண்டு போகிற பக்கம் பாறை இருக்கிறது. போன வாரம் பயிற்சியில் ஒருவருக்குக் கைட் கயிறு சிக்கி, காற்று அவரை இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் போட்டுவிட்டது. நானும் மரியஜோசப்பும்தான் படகில் ஏற்றினோம். முழங்கை எலும்பு வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து கண்ணை மூடினால் படகில் கிடக்கிறது அவர் இல்லை, நீ.

வெளி அலைக்குப் போகாதே. போட்டி நடக்கும்போது கொடி என் கையில் இருக்கும். சிவப்பைத் தூக்கினால் அந்தச் சுற்று ரத்து, எல்லோரும் கரைக்கு வந்துவிட வேண்டும். நீ உள் அலையில் ஓட்டு, நான் கண்ணாரப் பார்க்கிறேன்.

உன்
சுடலைமணி


பழைய பள்ளிக்கூடம்
20.7.2025, மாலை

கரையில் கொடி பிடிக்கிறவருக்கு,

மச்சான் என்று எழுத இன்று கை வரவில்லை.

காலையில் ஆண்கள் சுற்று முழுசாக நடந்தது. இரண்டு பேர் விழுந்து எழுந்தார்கள், கொடி அசையவில்லை. பிறகு நாங்கள் நாலு பேர் இறங்கினோம். நான் உள் அலையில் இரண்டு தடவை ஓட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வெளியே திரும்பினேன். ஆமாம், நீங்கள் போகாதே என்ற இடத்துக்குத்தான். வெளி அலை என்னைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. பாறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, கைட் என் பிடியில் இருந்தது. பலகையைத் திருப்பப் போகிறேன், கரையில் சிவப்பு.

போட்டியின் சட்டம் என்று இறங்கி வந்தேன். லிஜி மணலில் உட்கார்ந்து அழுதாள். கோவாப் பெண்கள், "பெண்களுக்கு மட்டும் காற்று ஜாஸ்தியா?" என்று என்னிடம் கேட்டார்கள், உங்கள் மனைவி என்று தெரிந்துதான் கேட்டார்கள். காற்றை அளக்கிற மோகனசுந்தரம் சார் மேடையில் சொன்னதும் என் காதில் விழுந்தது: "காத்து காலைலிருந்தே ஒரே மாதிரிதானுங்க அடிக்குது."

கொடியை நீங்கள் எனக்காகத் தூக்கினீர்கள். எனக்காக அந்த மூன்று பேர் சுற்றையும் கெடுத்தீர்கள். உங்களுக்கு என் மேல் உயிர் என்று எனக்குத் தெரியும். அதை வைத்து என்னைக் கரையிலேயே கட்டிப்போட்டால் அந்த உயிர் எனக்கு எதற்கு?

நாளைக் காலை சுற்றைத் திரும்ப நடத்துகிறார்கள். கொடியை மரியஜோசப் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். அது உங்கள் கையில் இருந்தால் நான் இறங்க மாட்டேன். மூன்று பேரோடு உங்கள் போட்டி நிற்கட்டும், நான் பஸ் ஏறி என் அம்மாவின் லயத்துக்குப் போகிறேன். மறையூர் வீட்டுச் சாவி லிஜியிடம் இருக்கும்.

பேச வராதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் நான் இளகிவிடுவேன்.

அழகுத்தாய்


மரியஜோசப்பின் மீன் வண்டிக்குள்
21.7.2025, காலை

அழகு,

நீ தண்ணீரில் இருக்கிறாய். இதை நீ வந்த பிறகுதான் படிப்பாய்.

நீ எழுதியது அத்தனையும் நிஜம். காற்று மாறவில்லை. நீ அந்த அலை மேல் எழும்பினதும் என் கை தானாகத் தூக்கிவிட்டது. மோகனசுந்தரம் சாரிடம் போய் ஒப்புக்கொண்டேன். "ஏனுங்க, கொடி புடிக்கறவரு ஊட்டுக்காரம்மாவையே பாத்துட்டு இருந்தா மத்தவங்கள யாருங்க பாக்கறது?" என்றார். அந்த மூன்று பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். லிஜி மட்டும் சரி என்றாள்.

கொடியைக் கொடுத்தேன். மரியஜோசப் வாங்கிக்கொண்டு, "நீ இங்கன நிக்காத, நின்னன்னா எங்கையப் புடிச்சி இழுப்ப" என்று இந்த வண்டிச் சாவியைக் கொடுத்து விரட்டிவிட்டார். மணல்மேட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். கடல் தெரியவில்லை. மேட்டுக்கு மேலே நாலு கைட்டும் தெரிகிறது. மஞ்சள் உன்னுடையது. கீழே நீ எப்படி நிற்கிறாய் என்று தெரியவில்லை.

ஹாரன் அடித்துவிட்டார்கள். ஆரம்பித்துவிட்டது.

வண்டிக்குள் மீன் நாற்றம். உட்கார முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. மஞ்சள் இடமும் வலமும் நன்றாகப் போகிறது. ஆட்கள் கத்துகிறார்கள், யாருக்கு என்று கேட்கவில்லை.

மஞ்சளைக் காணோம்.

மூன்றுதான் தெரிகிறது. கீழே விழுந்திருக்கிறாய். கதவைத் திறந்துவிட்டேன், ஒரு கால் மணலில் இருக்கிறது. படகு அங்கே இருக்கிறது, மரியஜோசப் இருக்கிறார், பாறை எங்கே என்று உனக்குத் தெரியும். எனக்கு அதெல்லாம் தெரியும் அழகு. எழுதுவதை நிறுத்தினால் ஓடி வந்துவிடுவேன், அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன். 

எழும்பிவிட்டது. மஞ்சள் எழும்பிவிட்டது. கரைப் பக்கம் திரும்பும் என்று பார்த்தேன். திரும்பவில்லை. வெளி அலைப் பக்கம் போகிறது.

போ அழகு.

சுடலைமணி