சாக்பீஸ் கோடு விலகிய இடம்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை மலைக்கோயிலுக்கு ஓட்டிப்போய் வந்த அன்று, அதில் சத்தம் கேட்டதற்காகத் திட்டு வாங்கிய மகள் யுவஸ்ரீ, எட்டு நாளாக சிவப்பிரகாசத்தோடு பேசவில்லை. இன்று காலையும் அவள் அறைக்கதவு சாத்தியே இருந்தது. அரக்கோணம் கிளம்புமுன் அவர் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் எழுதினார்.

"யுவா, இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. கேஸ்காரர் வந்தா காலி சிலிண்டரை எடுத்துக் குடு. கார் ஜாக்கி மேல நிக்குது, கிட்ட போவாத.

கியர் மாத்தறப்பல்லாம் டொக்குனு கேட்டுச்சே, அது எங்கேருந்துன்னு நேத்து கண்டுபுடிச்சிட்டேன். பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் ஜாயின்ட்ல ரெண்டு பாகத்தையும் சேர்த்து சாக்பீஸால ஒரே கோடு போட்டு, வெளியே வந்து சக்கரத்தை ஆட்டி, மறுபடி கீழ படுத்துப் பார்த்தேன். தனியா பன்னெண்டு தடவை. கோடு ரெண்டா விலகி இருந்துச்சு, ஜாயின்ட் லூசு. உள்ள கிரீஸ் காஞ்சு, செவப்பா துருத்தூள் கொட்டுது. வருஷக்கணக்கா தேஞ்சது அது. நீ ஓட்டினதால இல்ல.

நீ ஹாஸ்டலுக்குப் போனப்புறம், டார்ச் புடிக்க ஆள் இல்லன்னு மூணு வருஷமா கிரீஸ் அடிக்காம வுட்டவன் நான்தான். எதிர்வூட்டு மணியம்மை முன்னால உன்னை 'ஓட்டத் தெரியாதவ'ன்னு சொன்னேன் இல்ல, தப்பு என்னுதுன்னு அவங்ககிட்டயும் போய் சொல்லிட்டேன்.

நைனா."

செருப்பை மாட்டியவர் திரும்பி வந்தார். மிச்சமிருந்த ஓரத்தில் எழுத்தைச் சிறிதாக்கி நெருக்கினார்.

"புது ஜாயின்ட் வாங்கிக்கினு நாலு மணிக்கு வந்துடுவேன். டார்ச் ஃபிரிட்ஜ் மேல இருக்குது. நீ பேச வேணாம். வெளிச்சம் காட்டினா போதும்."